மாத்து டிரைவர் விடுப்பியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

நாமக்கல் வட்டாரத்தில் லாரியைப் பற்றி ஆராயாத ஆள் கிடையாது. பாடி கட்டுவது, டயர், டீசல், வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் டீக்கடைக்கு நாலு அறிஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். லாரி ஓட்டுகிறவர் லீவு எடுப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. ஆகவே இக்கட்டுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி இரண்டு பேர்: என் மச்சானும், அவரோடு ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டும் அண்ணன் ஒருவரும். இரண்டு பேர் போதாது என்பவர்கள், கேபினில் மூன்றாவது ஆள் படுக்க இடம் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் சட்டம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலை, 20 நாள் உழைத்தால் சம்பளத்தோடு 1 நாள் விடுப்பு என்று தாராளமாகவே எழுதியது. குறைந்தது 5 தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் இதெல்லாம் என்றும் கூடவே எழுதியது. மச்சானின் ஓனருக்கு லாரி இரண்டு, வண்டிக்கு டிரைவர் இரண்டு. பெருக்கிப் பாருங்கள். கிளீனர் என்ற இனம் மட்டும் அழியாமல் இருந்திருந்தால் கணக்கு ஐந்தைத் தாண்டியிருக்கும். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். இந்த ஓனர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேரைத்தான் அனுப்புகிறார்.

இவர்களின் காலத்தைக் காலண்டர் அளப்பதில்லை. அலகு நடை. டெல்லியில் லோடு இறக்கியதும் ஊருக்கே லோடு கிடைத்தால் பொங்கல் வீட்டில்; குவாஹாத்திக்குக் கிடைத்தால் பொங்கல் குவாஹாத்தியில். நடை முடிந்து இறங்கினால் நாலு நாள் வீடு. அந்த நாலை எட்டாக்கும் கலையில் ஒரே ஒரு சொல்தான் கருவி. ஓனர் போனில், "எப்பப்பா வர்றே?" "நாளைக்கு வந்தர்றனுங்." இந்த 'நாளைக்கு'க்கு அகராதிப் பொருள் கிடையாது. மாரியம்மன் நோம்பி, பங்காளி வீட்டுக் கிடா வெட்டு, காதுகுத்து என எதையும் உள்ளே வைத்து மூடலாம்.

இருந்தும் லீவு நீளாததற்குக் காரணம் ஓனர் அல்ல என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. மச்சான் வராவிட்டால் ஓனர் ஆக்டிங் டிரைவரைப் போட்டுவிடுவார். பாதிக்கப்படுவது அண்ணனின் தூக்கம். மச்சான் ஓட்டினால் தொப்பூர் கணவாயில்கூட அவருக்குக் குறட்டை வரும். புது ஆள் ஓட்டினால் பின்னால் படுத்தபடி ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் எண்ணிக்கொண்டே வருவார். போன முறை அப்படி ஒரு நடை போய்வந்தவர், கண் சிவந்து, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து மச்சானிடம் ஒரே வார்த்தை கேட்டார்: "நோம்பி முடிஞ்சுதா?"

குற்ற உணர்ச்சி இல்லாமல் இருவரும் ஒன்றாக எடுக்கக்கூடிய லீவு ஒன்றுதான்: வண்டி எடுக்கும் லீவு. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக ஷெட்டில் விட்டுத் தகரம் தட்டிப் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் நாள்கள் ஓடிவிடும். வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு எஃப்.சி.; அதற்கு மேல் ஆண்டுதோறும். ஆக, கிழட்டு லாரியின் டிரைவருக்குப் புது லாரிக்காரரைவிட இரட்டிப்பு லீவு. மச்சானின் வண்டிக்கு இப்போது ஏழு நடக்கிறது. ஆஞ்சநேயர் கோயிலில் அவர் வேண்டிக்கொள்வது தன் ஆயுளுக்காக அல்ல என்று நினைக்கிறேன்.

கிடைத்த லீவை என்ன செய்கிறார் என்பதையும் கவனித்தேன். இரவில் கயிற்றுக் கட்டிலில் புரள்கிறார், கட்டில் ஆடவில்லையாம். பகலில் அக்கா கிரைண்டரைப் போட்டதும் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துத் தூங்கிவிடுகிறார். நிறுத்தினால் எழுந்துகொள்கிறார். "இவரு தூங்கறக்கு நாள் முச்சூடும் மாவாட்டினா கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்பது அக்காவின் எதிர்வாதம்.

போன வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு மச்சான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை.

"இப்ப அவரு தூங்கற முறை" என்றார். நாலு மணிக்கு அண்ணனே கூப்பிட்டார். அதற்குள் மச்சான் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.