மாதம் 15,001 ரூபாய் வாங்கும் சீமான்கள் சார்பில்

பெறுநர்: மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், புது தில்லி
அனுப்பும் இடம்: இடையஞ்சாவடி, வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்

ஐயா,

கிராமத்தில் பணக்காரர் யார் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு முதலில் நன்றி. குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் இடமில்லை என்று 2016இல் விதித்தீர்கள். அது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த தொகை. 2024இல்தான் மனமிரங்கி 15,000 ஆக்கினீர்கள். சிமென்ட்டும் கம்பியும் கொத்தனார் கூலியும் அதுவரை உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. இருசக்கர வண்டி வைத்திருந்தவரையும் அதே ஆண்டுவரை வசதியானவர் என்று தள்ளிவைத்தீர்கள். இதற்கிடையே 2018இல் பிரதமரே சென்னைக்கு வந்து அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியம். அரசை நம்பி ஸ்கூட்டர் வாங்கியவர், உங்கள் விதிப்படி அன்றே சீமாட்டி ஆகிவிட்டார்.

உங்கள் அளவுகோலின் அழகு மரக்காணம் பக்கம் வந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மரக்காணம் பேரூராட்சி, ஆகவே நகரம். அங்கே குடியிருக்கும் உப்பளத் தொழிலாளியின் மொத்தக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சம் வரை இருந்தாலும் நகர்ப்புறத் திட்டத்தில் அவர் ஏழை. அவரோடு அதே பாத்தியில் உப்பு வாருபவர் பக்கத்து ஊராட்சிக்காரர் என்றால், அவர் மகன் ஒருவன் கம்பெனியில் 15,500 வாங்கினாலே கதை முடிந்தது. அதே தெருவில் நான்கு பேர் ஆளுக்கு 14,000 என்று மாதம் 56,000 கொண்டுவரும் வீடு இருந்தால், இந்த வருமான விதி அதைத் தொடாது. 15,000 ரூபாய் ஆண்டுக்கு 1.80 லட்சம் ஆகிறது. அதைத் தாண்டிய கிராமத்தானுக்கு வீடில்லை. ஆண்டுக்கு 9 லட்சம் சம்பாதிக்கும் நகரவாசி வீட்டுக்கடன் வாங்கினால், 1.80 லட்சம் வரை வட்டி மானியமாகவே கிடைக்கும். ஏழைக் கிராமத்தான் முழு வீடு கட்ட நீங்கள் வகுத்த தொகையோ சமவெளியில் 1.20 லட்சம். அதிலும் 40 விழுக்காடு மாநிலத்தின் பங்கு.

கிராமத்தில் செலவு குறைவு என்பீர்கள். கீரையும் மோரும் மலிவாக இருக்கலாம்; சிமென்ட் மூட்டைக்கு ஊராட்சி விலை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆரோவில்லை ஒட்டிய இடையஞ்சாவடியில் மனை விலையும் கிராமத்து விலையாக இல்லை. எங்காவது கோடு போடாவிட்டால் வசதியுள்ளவர்கள் புகுந்துவிடுவார்கள் என்பது நியாயமான கவலை. கோடே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் வட்டார வருமானத்தையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் வைத்து ஆண்டுதோறும் வரம்பைத் திருத்துகிறார்கள். தமிழக அரசின் கனவு இல்லம் திட்டம் குடிசையா என்பதை முதலில் பார்த்து, 3.50 லட்சம் தருகிறது. நீங்களோ மாத வருமானத்தைக் கேட்கிறீர்கள். உப்பளத்தில் ஏது சம்பளச் சீட்டு? ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியில் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கென்று மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அவருடைய மாத வருமானம் என்று எதை எழுதுவது, வெயில் மாதத்தையா, மழை மாதத்தையா?

ஆகவே ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் ஒரே முறையில், குடும்பம் முழுவதின் ஆண்டு வருமானத்தைத் தலைக்கணக்கில் பார்த்து, விலைவாசியோடு ஆண்டுதோறும் திருத்தும் வரம்பு ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதற்கு நாளாகும் என்றால், மாதம் 15,001 ரூபாய் வாங்குபவர் தம் முதலாளியிடம் ஒரு ரூபாயைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்கலாமா என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பிவையுங்கள்.