குறைந்த ஆறடி

கந்தர்வக்கோட்டையில் இருக்கிற அப்பா வீட்டை விற்றுவிடலாம் என்று நாங்கள் முடிவெடுத்தது ஒரு தை மாதம். அதற்கப்புறம் இன்னொரு தையும் பிறந்துவிட்டது. வழிதான் பிறக்கவில்லை.

தரகர் முதல் நாளே அடித்துச் சொன்னார். "தஞ்சாவூர் ரோட்டுலேர்ந்து கூப்பிடு தூரம்ணே. பார்ட்டி கையில ரொக்கத்தோட நிக்கிறாரு." எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் இன்றுவரை அவர் சொல்லவில்லை.

முதலில் வந்தவர் திசைகாட்டியோடு வந்தார். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிணற்றடியில் நின்றுகொண்டார். "கெணறு தென்மேற்குல கெடக்கே, ஆகாதே" என்றார். எண்பத்தாறு வயதுவரை அப்பா இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார் என்றேன். "அது அவரு ராசி" என்றவர், கிணற்றைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டை விற்க வந்தவன் எதற்கும் முடியாது என்று சொல்லக் கூடாது என்பது தரகரின் உத்தரவு.

இரண்டாவது ஆள் ஓய்வு பெற்ற ஆசிரியர். பேங்க் லோன் போட்டு வாங்குவதாக ஏற்பாடு. வக்கீலின் சட்டக் கருத்து வேண்டுமென்றார்கள். எங்கள் மூலப்பத்திரம் 1968-இல் எழுதியது. அதில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருக்கிறது. பட்டாவில் 'புதுக்கோட்டை மாவட்டம்'. வக்கீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது ரெண்டு சொத்தா?" என்றார்.

சரித்திரம் சொல்ல வேண்டியதாயிற்று. கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டை ராஜாவின் ஊரல்ல. தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த ஜமீன். 1974 ஜனவரி 14, பொங்கலன்று புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோதுதான் நாங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். "வீடு நகரலீங்க, மாவட்டம்தான் நகர்ந்துச்சு" என்று முடித்தேன். வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையே யாராவது எழுதிச் சீல் போட்டுத் தருவாங்களா?" என்றார்.

அந்தத் தகராறு தீர்வதற்குள் அளவு வந்து நின்றது. பத்திரத்தில் முப்பது குழி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, 144 சதுர அடி. முப்பது குழி 4,320 சதுர அடி. அப்பா வாழ்நாள் முழுக்க 'பத்து சென்ட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்து சென்ட் என்றால் 4,356. ஆசிரியர் கணக்கு வாத்தியார் வேறு. கால்குலேட்டர் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். முப்பத்தாறு சதுர அடி குறைகிறது. ஆறடிக்கு ஆறடி. மனுஷனுக்குக் கடைசியில் சொந்தம் ஆறடி நிலம்தான் என்பார்கள். எங்களிடம் சரியாக அதுதான் இல்லை.

சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்றால் வடக்கு மூலையில் சர்வே கல்லைக் காணோம். 2018 நவம்பர் 16, கஜா புயல் விடியற்காலையில் எங்கள் பலாமரத்தை வேரோடு சாய்த்தது. வேர் மண்ணோடு கல்லையும் பெயர்த்திருக்க வேண்டும். அப்போது கரண்டுக்கும் தண்ணீருக்கும் அலைவோமா, கல்லைத் தேடுவோமா? பல வருஷம் கழித்து இப்போதுதான் அது கண்ணில் பட்டது, பக்கத்து வீட்டு அத்தையின் துணி துவைக்கிற கல்லாக. மேலே வெட்டிய குறி சோப்பு நுரைக்குள் அழகாகத் தெரிந்தது. "எங்க மாமியா காலத்துக் கல்லுப்பா அது" என்றார் அத்தை. மேற்கொண்டு பேசியிருந்தால் அவருடைய மாமியாரை நான் அவமானப்படுத்தியதாக ஆகியிருக்கும். ஆசிரியர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஏதுமில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஒரே காகிதம் அதுதான்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வீடு பார்க்க யார் வந்தாலும் உட்கார வைத்து வறுத்த கடலையும் காப்பியும் கொடுப்பார். அவர்கள் நெகிழ்ந்திருக்கிற நேரம் பார்த்து, "மழை பெஞ்சா அடுக்களைல ஒழுகும்ப்பா. பொய் சொல்லக் கூடாதுல்ல?" என்பார். போன ஆவணியிலேயே ஒழுகலை அடைத்தாகிவிட்டது. அதை மட்டும் சொல்ல மாட்டார். அதிலிருந்து, ஆள் வருகிற நாளில் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவது என் வேலையாகிவிட்டது. கோயில் குருக்கள் எங்கள் பக்தியைப் பார்த்து வியக்கிறார்.

மூன்றாவது பார்ட்டி உண்மையிலேயே அட்வான்ஸ் கொடுத்தார். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்ததல்லவா, அதை நம்பி மனைவி பெயரில் வாங்கப்போவதாகச் சொன்னார். சலுகை பத்து லட்சம் மதிப்புவரைதான் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னதும், "அப்ப என் பேருக்கே எழுதிடுங்க" என்றார். அந்தம்மா விடவில்லை. முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் ரெண்டு, ஆக ஒன்பது சதவீதம் கட்டுகிற இடத்தில் அந்த ஒரு சதவீதத்துக்காகவா என்னை நினைத்தீர்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்குள் சிங்கப்பூரிலிருக்கிற தங்கையின் பவர் பத்திரம் காலாவதிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தேதி முடிந்து பத்தாம் நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை, உறை என் பீரோவில்தான் இருந்தது. "அண்ணே, தூதரகத்துல மறுபடியும் ஒருநாள் லீவு போட்டு நிக்கணுமா?" என்றாள். அப்புறம் அவள் பேசவில்லை. மாப்பிள்ளை பேசினார்.

புதுப் பவர் வந்தபோது ஆடி. ஆடியில் யார் பத்திரம் பதிவார்கள்? பதினெட்டாம் பெருக்கில் பதியலாமே என்றேன். அந்த மாதிரி நாட்களில் 100 டோக்கன் தருகிற ஆபீசுக்கு 150 தருகிறார்கள். அரசாங்கமே பஞ்சாங்கம் பார்க்கிறது, நமக்கென்ன. ஆனால் அந்தம்மாவின் ஜாதகத்துக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம். ஆவணிக்குத் தள்ளினார்கள். ஆவணி இரண்டாம் வாரம் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

அம்மா அன்று பாயசம் வைத்தார். வெள்ளிக்கிழமையாம்.

ஆகவே, கிழக்குப் பார்த்த வாசல், வற்றாத கிணறு (தென்மேற்கு), 4,320 சதுர அடி, அடுக்களை ஒழுகாது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் யாராவது வீடு தேடினால் சொல்லுங்கள். வருவதற்கு முதல் நாள் ஒரு போன் போட்டால் போதும், அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விடுவேன்.