ஸ்பிரிங் அண்ணாச்சி

கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவர் உண்டு. ரேடியோ காலத்தில் ரேடியோ, பிறகு சைக்கிள் டைனமோ, அதன் பிறகு வள்ளத்து மோட்டார். புன்னைக்காயலில் இந்த வம்சத்தில் அபூர்வமான கிளை ஒன்று முளைத்திருக்கிறது. கையில் ஏர் பிஸ்டல் வைத்திருக்கும் கிளை.

அண்ணாச்சி தோணியில் இன்ஜின் பார்த்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவு போய் வந்த கைக்கு, ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கியது எளிய ரகம்தான். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும், அந்தக் காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளும். லைசென்ஸ் தொல்லை இல்லை என்பதற்காக வாங்கினார் என்று ஊர் நினைக்கிறது. கழற்றலாம் என்பதற்காக வாங்கினார் என்பது அவர் வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியும்.

சட்டத்தை அவர் ஜெபம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நிஜத் துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கிதான். "நெல்லு மாதிரி ஒரு ஸ்பிரிங்கு மாப்ள, அதுவும் துப்பாக்கிதான். பாக்கெட்ல போட்டுட்டு நடக்க முடியாது, பாத்துக்க." தூத்துக்குடியில் இவருக்கு மச்சான் முறை ஒருவர், பட்டாளத்திலிருந்து வந்து பேங்க் காவலுக்கு நிற்பவர், லைசென்ஸோடு இரட்டைக்குழல் வைத்திருக்கிறார். தேர்தல் அறிவித்தால் அதிகாரிகள் சொல்கிறபடி அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்புவார். "சும்மா கொண்டாரும், கிரீஸ் மட்டும் வச்சுத் தாரேன்" என்று அண்ணாச்சி ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அந்த மச்சான் அதற்குப் பிறகு கல்யாண வீட்டில்கூட இவர் பந்தியில் உட்காருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜகன்னி மாதா கோயிலில் பூசை முடிந்து, மீன் குழம்பு கொதிக்கிற நேரம்தான் பராமரிப்பு நேரம். உப்புக்காற்று என்ற ஒரே காரணம் போதும். நேற்றுத் துடைத்த இரும்பில் இன்றைக்குத் துரு பூக்கிற ஊர். ஆகவே துடைக்க வேண்டும். துடைக்க வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். கழற்றினால் எதையும் மாற்றாமல் பூட்டுவது அவருக்கு மரியாதைக் குறைவு.

பழைய வெள்ளை வேட்டி விரிக்கப்படும். பிஸ்டன் வாஷர், குழல் மடங்குகிற இடத்து ரப்பர் வளையம், விசை ஸ்பிரிங், ஊசிகளைப் பிடித்திருக்கும் குட்டி லாக் என்று எல்லாம் வரிசையாகப் படுக்கும். பெரிய ஸ்பிரிங்தான் வில்லன். துப்பாக்கி ஓய்வாக இருக்கும்போதும் அது உள்ளே ஓரளவு அமுங்கியபடிதான் இருக்கும். பின்மூடியைத் திறக்க அதை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். அண்ணாச்சியிடம் இருக்கும் கருவி அவருடைய நெஞ்சு. மூடியை நெஞ்சோடு அணைத்து மூச்சைப் பிடித்துத் திருகுவார். தெருப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "டொய்ங்" என்று ஒரு சத்தம். குழம்புச் சட்டி இருக்கும் திசையிலிருந்து, "ஏங்க, இந்த வாரமும் இங்கனதான் வந்து விழுந்திருக்கு" என்று அறிவிப்பு வரும்.

பெரிய ஸ்பிரிங்காவது கண்ணுக்குத் தெரியும். குட்டி லாக் பறந்தால் முற்றத்து மணலில் போச்சு. அதற்கும் ஒரு தொழில்நுட்பம் வைத்திருக்கிறார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தங்கூசி நரம்பில் கட்டி, முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, கடலில் நீரோட்டம் பார்ப்பது மாதிரி, நீவாடு பார்த்து இழுப்பார். ஆணி, பிளேடு எல்லாம் ஏறும். லாக் ஏறாது. ஏறாத லாக்கைத் தேடி அவர் ஆத்தூர் வழியாகப் பஸ் பிடித்துத் தூத்துக்குடி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் போவார். துப்பாக்கிக்கு என்று சொன்னால் கடைக்காரர் மிரள்வார் என்பதால் மோட்டாருக்கு என்பார். மோட்டாருக்கு உரியதைத்தான் கொடுப்பார்கள். அதைச் சாயங்காலம் முழுக்க அரம் போட்டுத் தேய்ப்பார். ரப்பர் வளையம் கிடைக்காத வாரத்தில் ஹவாய் செருப்பின் குதிகாலில் வட்டம் விழும். அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் செருப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் கம்பெனி சொல்வதை அவர் கேட்பதில்லை. நெருக்கும் அறைக்குள் சாதா எண்ணெய் போகக் கூடாது. போனால், காற்று நெருங்குகிற சூட்டில் டீசல் இன்ஜினில் நடப்பதே அங்கும் நடந்து எண்ணெய் பற்றிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க டீசல் இன்ஜின் பார்த்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் விடுகிறார். குழலிலிருந்து புகை வந்து "டப்" என்று வெடிக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக. வாஷர் கருகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைத்துவிடும்.

வேட்டியைச் சுற்றி ஆள் சேர்ந்துவிட்டால் சரித்திரம் தொடங்கும். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியரின் தலைமையிடம் தூத்துக்குடி இல்லை, புன்னைக்காயல்தான். இது அண்ணாச்சி சொல்வதில் உண்மையான பகுதி. 1553-ல் எதிரிகள் வந்து ஊரைப் பிடித்தார்கள், அதுவும் உண்மை. பிடித்ததற்கு அண்ணாச்சி சொல்லும் காரணம்: "பரங்கி துப்பாக்கியைத் தொடைக்கல. உப்புக்காத்து தின்னுட்டுது." இதற்கு எந்தப் பாதிரியார் கடிதத்திலும் ஆதாரம் இல்லை. அடுத்தது அச்சு. ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586-ல் இந்த ஊரில்தான் அச்சானதாகச் சொல்கிறார்கள். அத்தனை பக்கத்துக்கும் குட்டிக் குட்டி எழுத்தச்சுகள். "ஒரு கொம்பு தெறிச்சு மணல்ல விழுந்தா அவரு என்ன செஞ்சிருப்பாரு? காந்தம் ஈயத்துல ஒட்டாதேல!" உண்மையாகவே கவலைப்படுவார். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தொழிலாளியின் மேல் இத்தனை பரிவு காட்டுகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுடுவாரா என்று கேட்பீர்கள். மொட்டை மாடியில் தகர டப்பா ஒன்று குறி பார்ப்பதற்காக நிற்கிறது. அதில் நெடுநாள் ஓட்டையே கிடையாது. கருவாடு தின்ன வரும் காகங்கள் அதன் மேல் உட்கார்ந்துதான் இளைப்பாறுகின்றன. குறி தப்புவதற்கு அவர் சொல்லும் காரணங்கள் வாரத்துக்கு வாரம் மாறும்: புது வாஷர் இன்னும் பதியவில்லை, பழைய வாஷர் தேய்ந்துவிட்டது. நடுவில் சரியான வாஷர் இருந்த நாள் எது என்று கேட்டால், பின்மூடியைத் திருக ஆரம்பித்துவிடுவார்.

ஒருமுறை பேரன் லீவுக்கு வந்தவன், கம்பெனியிலிருந்தே அசல் உதிரிப் பாகங்களைத் தபாலில் வரவழைத்துக் கொடுத்தான். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. புகை இல்லை, தெறிப்பு இல்லை, டப்பாவில் முதல் ஓட்டை விழுந்தது. அண்ணாச்சி மூன்று ஞாயிறு திண்ணைக்கே வரவில்லை. நாலாவது ஞாயிறு, ஸ்பிரிங் சற்று நீளமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டம்மாதான் வேட்டியை எடுத்து விரித்துக் கொடுத்தார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் துப்பாக்கி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டு மிக்ஸி லேசாக முனகுகிறது என்பதை மட்டும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.