கதைத்துடக்கு: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

டச் பே கடற்கரையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை விடியப்புறம் சாவு விழுந்தது. இறந்தவர் ஆர்தர் மோர்கன். தொழில் கொள்ளை. நாடு அமெரிக்கா. காலம் 1899. நோய் சயரோகம். இறந்த இடம், என் மருமகனின் அறையில் இருக்கும் டிவி.

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்னும் வீடியோ கேமின் நாயகர் இவர். அதை இன்னும் ஆடி முடிக்காதவர்கள் பொறுத்தருள்க. செத்த வீட்டுக்கு வந்த ஆட்களிடம் செத்தது யார் என்பதை மறைக்க இயலாது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மருமகன் அன்று காலைப் புட்டுக்கு வரவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மம்மா அறை வாசலில் நின்று கேட்டார்.

"ஆரடா செத்தது?"

"ஆர்தர்."

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஆர்?"

"ஆர்தர், அம்மம்மா."

இது நான்கு தரம் திரும்ப நடந்தபிறகே, பொருள் ஆய்வுக்குரியது என்று எனக்கு உறைத்தது.

2. கலைச்சொல்லும் கால அளவும்

நெடுநாள் ஆடிய கேமின் கதை முடிந்ததும் ஆடியவரைப் பிடிக்கும் துக்கத்தை இக்கட்டுரை 'கதைத்துடக்கு' என்று வழங்கும். எங்கள் பகுதியில் சாவு விழுந்த குடும்பத்துக்கு 31 நாள் துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியம் எடுப்பதில்லை. கதைத்துடக்குக்காரரும் அப்படியே: வேறு கேம் தொடுவதில்லை, கூட்டாளிமார் கூப்பிட்டால் போவதில்லை, தலைமுடி வெட்டுவதில்லை. (மூன்றாவது அறிகுறி பரீட்சைக்கு முன்பே இருந்தபடியால் சான்றாகக் கொள்ளப்படவில்லை.)

எத்தனை நாள் காப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. துடக்கின் நீளம் உறவைப் பொறுத்தது. ஆர்தர் என்ன முறை? இந்தக் கேமில் நாயகருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், குளிக்க வார்க்க வேண்டும், தாடி மழித்துவிட வேண்டும், குளிருக்கு உடுப்பு மாற்ற வேண்டும். பிரதான கதையை மட்டும் ஆடினாலும் ஏறத்தாழ 50 மணி நேரம் போகும். அவ்வளவு நேரமும் இந்தப் பணிவிடை நடக்கிறது. இவ்வளவும் செய்தவரை நண்பர் என்பது பொருந்தாது, பங்காளி என்பதும் போதாது. பெற்ற முறை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. எனவே முழு 31.

3. இலக்கணச் சான்று

அழுகை நான்கு காரணத்தால் பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்திருக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவர் வீடியோ கேமைக் கருதி எழுதவில்லை என்று சாதிப்போர், நான்கும் ஒரே அறையில் கூடி நின்றதற்கு விளக்கம் தரவேண்டும்.

இளிவு, பிறரால் இகழப்படுதல். என் அக்கா தன் மகனைப் பார்த்து, "பொம்மை செத்ததுக்கு அழுறியோ, எருமை" என்றார். இழவு வெளிப்படை, ஆர்தருக்குச் சற்று முன்னர் அவருடைய குதிரையும் போயிருந்தது. சண்டையின் நடுவே நின்று அந்தக் குதிரைக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அவர் நடந்தார் என்பது மருமகன் தந்த வாக்குமூலம். அசைவு, முன்னைய நிலை கெடுதல். ஆர்தர் போனபின் ஜோன் மார்ஸ்டன் என்பவரை நம் கையில் தருகிறார்கள். நேற்றுவரை ரயிலை மறித்தவன் இன்று பண்ணையில் சாணி அள்ள வேண்டும், பால் கறக்க வேண்டும். வறுமை, இணையப் பொதி. நூறு ஜிபிக்கு மேற்பட்ட அந்தக் கேமை நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவில் இரவு இரவாக இறக்கியவன் அவன். அடுத்ததை இறக்க இனி மாதம் பிறக்க வேண்டும்.

4. முன்னறிகுறி

சாவு வரப்போகிறது என்று தெரிந்தவர்கள் கதையை நிறுத்திவைப்பார்கள். ஆர்தர் இருமத் தொடங்கியதும் மருமகன் கதைக்குரிய வேலைகளைக் கைவிட்டு, நான்கு நாள் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். யன்னலைத் திறந்தால் கடல். திருக்கடலூர்ப் படகுகள் கரைக்கு வரும் நேரம் வீட்டில் மீன் வாங்கப் போகச் சொன்னால், "மீன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

இந்த ஒத்திவைப்பை அரசாங்கமே செய்துதந்த காலமும் உண்டு. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்நாட்களில் இலங்கையில் எத்தனையோ நாயகர்கள் உயிர் பிழைத்திருப்பார்கள்.

சாவுக்குப் பின், இரண்டாம் நாள் மாலை, மருமகன் பிரெட்ரிக் கோட்டை வாசலில் காணப்பட்டான். அங்கே திரியும் புள்ளிமான் ஒன்றுக்குப் பணிசைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். குதிரை இல்லாத ஊரில் வேறு என்ன செய்வது?

5. முன்னோடிகள்

கதைத்துடக்கு இக்காலப் பிள்ளைகளின் சொகுசு என்று நினைப்பவர்களை எஸ்பிளனேட் மயானத்துக்கு அழைக்கிறேன். 1852இல் பர்மாப் போரின்போது வாந்திபேதியில் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் அங்கே அடக்கமாகியிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. கதை முடிந்த பிறகு பாத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்று வீட்டுப் பிள்ளைகள் நச்சரித்தால், அந்த அம்மையார் சளைக்காமல் சொல்வாராம்: இன்ன தங்கை ஒரு பாதிரியாரைக் கட்டினாள், இன்னவள் மாமாவின் கந்தோர் எழுதுவினைஞரைக் கட்டினாள் என்று. அச்சில் வராத அந்தப் பின்கதைகளை அவருடைய மருமகன் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். (மருமக்கள் இத்துறைக்கு ஆற்றிய தொண்டு தனியே ஆராயத்தக்கது.)

தமிழில் கல்கிக்கும் இதே பாடுதான். 1954இல் 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்ததும், அவருக்கு என்ன ஆனது, இவருக்கு என்ன ஆனது என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் தனியே முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்லவேண்டி வந்தது.

2012 மார்ச்சில் 'மாஸ் எஃபெக்ட் 3' வந்தபோது அதை ஆடியவர்கள் அழவில்லை, பொங்கினார்கள். எந்தத் தெரிவை எடுத்தாலும் நிறம் மட்டும் மாறி ஒரே முடிவு வருகிறது என்பது குற்றச்சாட்டு. தயாரித்த நிறுவனத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று சுமார் 400 கப்கேக் அனுப்பினார்கள். மூன்று நிறத்துக்கும் ஒரே சுவை. ஜூன் மாதம் நீட்டிய முடிவு இலவசமாக வெளிவந்தது. முறைப்பாட்டைத் தின்னக்கூடிய வடிவில் அனுப்பும் இம்முறையை எங்கள் கச்சேரிகளிலும் சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் எல்லோருக்கும் மூத்தவர் இராவணன். கோணேசர் மலையைப் பெயர்க்க நின்றவனிடம் திருமால் மாறுவேடத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்கிறார். அவனைத் தடுக்கச் செய்த சூழ்ச்சி அது என்றும் ஊரில் சொல்வார்கள். கேட்டவன் செய்தியைச் சரிபார்க்கவில்லை; அழுதான், கிரியை செய்தான். அதற்காகத் தோன்றியவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது கதை. செய்தி எப்படியோ, தண்ணீர் இன்றைக்கும் சுடுகிறது. எங்கள் சனம் அந்தியேட்டிக்கு அங்கேதான் போகிறது.

6. சிகிச்சைகள்

மூன்று முறைகள் சோதிக்கப்பட்டன.

முதலாவது, மறுப்பு முறை. "அது கேம்தானே" என்று அக்கா சொன்னார். நோய் முற்றியது.

இரண்டாவது, அறிவியல் முறை. நான் செய்தேன். சயரோகக் கிருமியை ரொபர்ட் கொக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் வந்தது, ஆகவே 1899இல் ஆர்தரைக் காப்பாற்ற எந்த டொக்டராலும் முடியாது, கதாசிரியர் மேல் பிழை இல்லை என்று விளக்கினேன். "44 வருசம்" என்று விரல்விட்டு எண்ணிவிட்டு மருமகன் மறுபடி அழுதான்.

மூன்றாவது முறை அம்மம்மாவினுடையது. மூன்றாம் நாள் மத்தியானம் பிளேன்ரீயோடு போய்க் கட்டிலில் இருந்தார். செத்த வீட்டில் எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"எத்தினை நாளாய் இருமல்?"

"ஆரிட்ட தொத்தினது?"

கடன் வாங்கிய ஒருவனை அடிக்கப் போன இடத்தில் தொற்றியது என்று மருமகன் சொன்னான். "பாத்தியா" என்றார் அம்மம்மா. பெண்சாதி பிள்ளை உண்டா, காசு பணம் ஏதும் சேர்த்தாரா, சாகும்முன் யாரோடாவது கோபம் தீர்த்தாரா என்று வரிசையாகப் போயிற்று. அவன் சொல்லச் சொல்ல ஐம்பது மணி நேரக் கதை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நடுவில் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

7. முடிபு

கதைத்துடக்கு மெய்யான துடக்கே. அதற்கு விசாரிக்க ஆள் வருவதில்லை என்பது ஒன்றே குறை. ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் ஒரு பிள்ளை காலையில் கண் வீங்கி எழும்பினால், செத்தது பொய்யா மெய்யா என்று ஆராயாதீர்கள். அந்த வேலையை இக்கட்டுரை போன்றவற்றுக்கு விட்டுவிட்டு, பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள்.

அம்மம்மா கடைசியாகக் கேட்டது, "சாகேக்க பக்கத்தில ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்ல. மலையில தனியச் சாஞ்சிருந்தவர். சூரியன் வந்தது, பாத்துக்கொண்டே போயிட்டார்."

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ நிண்டனிதானே," என்றார்.