ஜாம் பாட்டில் பாடம்

சிகாகோ நகரக் கல்வி வாரியத்துக்கு மாலை போட்டே ஆக வேண்டும். 2016 பிப்ரவரியில் ஒரு தீர்மானம்: கணினி அறிவியலில் தேறாமல் இனி எந்தப் பிள்ளைக்கும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கிடையாது. 2020இல் படிப்பை முடிக்கும் செட்டிலிருந்து அமல். நாட்டிலேயே நாங்கள்தான் முதல் என்று மார்தட்டினார்கள். மறுமாதமே ஆசிரியர்களுக்கு ஓர் அறிவிப்பு: மூன்று நாள் கட்டாய விடுப்பு, சம்பளம் கட். கஜானா காலியாம். தீர்மானத்துக்குத்தான் காசு தேவையில்லையே!

மேயர் ராம் இமானுவல் காலத்தின் இதே வாரியம்தான் 2013இல் ஏறக்குறைய 50 பள்ளிகளை ஒரே மூச்சில் இழுத்துப் பூட்டியது. பூட்டு விழுந்தது பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில். பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன என்றார்கள். பூட்டிய அதே கை மூன்றே வருஷத்தில் எதிர்காலத்தைத் திறந்துவிட்டதாம்.

‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கு உள்ள மவுசே தனி. சிகாகோ மார்தட்டுவதற்கு ரொம்ப வருஷம் முன்பிருந்தே தென் கரோலினா மாநிலத்தில் கணினி அறிவியல் கட்டாயம். தட்டச்சு படித்தாலும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எஃப், ஜே சாவிகளில் இருக்கும் சின்ன மேட்டைத் தடவி விரல் வைக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கணக்குப்படி நம் ஊர் டைப்ரைட்டிங் மாஸ்டர்கள் எல்லாம் விஞ்ஞானிகள்.

கணினித் தொடக்க வகுப்புகளில் ஒரு விளையாட்டு உண்டு. ரொட்டியில் ஜாம் தடவப் பிள்ளைகள் கட்டளை எழுத வேண்டும். “ஜாமை ரொட்டி மேல் வை” என்று எழுதினால், டீச்சர் மூடியைக்கூடத் திறக்காமல் பாட்டிலைத் தூக்கி ரொட்டி மேல் வைப்பார். வகுப்பே சிரிக்கும். எந்தப் படியையும் விடாதே என்பதுதான் பாடம். பள்ளியைத் திறந்து வை, ஆசிரியருக்குச் சம்பளம் கொடு, பாடம் நடத்து, அப்புறம் தேர்வு வை. இதை எட்டாம் வகுப்புப் பொடிசு எழுதிவிடும். வாரியமோ பாட்டிலைத் தூக்கி நேரே பிள்ளையின் தலையில் வைத்தது. தேறாத பிள்ளைக்குச் சான்றிதழை நிறுத்தலாம். தேறாத வாரியத்துக்கு எதை நிறுத்துவது?

போதாதென்று 2017இல் இன்னொரு தீர்மானம், அதே செட்டின் தலையில். பள்ளி முடித்து என்ன செய்யப் போகிறாய்? கல்லூரிக் கடிதமோ, வேலைக் கடிதமோ, ராணுவத்தில் சேர்ந்த தாளோ கொண்டுவந்தால்தான் சான்றிதழ். வேலை கேட்டுப் போனால், “பள்ளிச் சான்றிதழ் எங்கே?” பள்ளிக்குத் திரும்பினால், “வேலைக் கடிதம் எங்கே?”

கணினி வகுப்பை ஒழுங்காகக் கவனித்த பிள்ளைக்கு இதன் பெயர் தெரியும். இன்ஃபினிட் லூப்.