உங்கள் நாட்டில் இனவெறி இல்லை என்று நிரூபிப்பது எப்படி?

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் நான்கு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குள் இந்தப் பேச்சு வந்தே தீரும்: எந்த நாட்டுக்காரன் மோசம்? லண்டன் சித்தப்பா அமெரிக்காவைச் சொல்வார். நியூஜெர்சி அண்ணன் ஐரோப்பா மொத்தத்தையும் சொல்வார். சிங்கப்பூர் மாமா ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொள்வார். உள்ளூரிலேயே தங்கிவிட்ட நீங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் யோசனைகளைக் கடைப்பிடித்தால் எந்த நாட்டின் சார்பிலும் வாதாடி விடுதலை வாங்கித் தரலாம். தேவையானவை: ஒரு கைபேசி, சுமாரான ஞாபகசக்தி, மிகச் சுமாரான மனசாட்சி.

பட்டியலைக் கையில் எடுங்கள்

எடுத்த எடுப்பில் சொந்த அனுபவத்தைச் சொல்லாதீர்கள். அனுபவத்தை யார் வேண்டுமானாலும் மறுத்துவிடலாம், சதவீதத்தை மறுக்க ஆள் கிடையாது. 'உலக மதிப்புகள் ஆய்வு' என்று ஒன்று 1981 முதல் நடந்துவருகிறது. பல நாடுகளில் ஆட்களைச் சந்தித்து ஒரு பட்டியலை நீட்டி, 'இவர்களில் யார் பக்கத்து வீட்டுக்குக் குடிவருவதை விரும்பமாட்டீர்கள்?' என்று கேட்பார்கள். பட்டியலில் இருப்பவர்கள்: போதைக்கு அடிமையானவர், குடிகாரர், வேறு இனத்தவர், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள், இன்னும் சிலர். இந்த வரிசையில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பது பாவம், அந்த வேறு இனத்தவருக்குத் தெரியாது.

அந்த விடைகளை வைத்து 2013-இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஓர் உலக வரைபடம் போட்டது. வேறு இனத்தவர் வேண்டாம் என்றவர்கள் இந்தியாவில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். ஹாங்காங்கும் வங்கதேசமும் எழுபதைத் தாண்டியிருந்தன. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: அவ்விரண்டு இடங்களின் தரவிலும் 'ஆம்' 'இல்லை' இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. நீங்கள் இதையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம். உங்களுக்கு வேண்டியது படம், திருத்தம் அல்ல.

உங்கள் நாடே மோசமான வரிசையில் வந்துவிட்டதா? கலங்காதீர்கள். 'எங்கள் ஜனங்கள் வெள்ளந்தி, மனசில் பட்டதைச் சொல்லிவிட்டார்கள். வெள்ளைக்காரன் உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுவான்' என்று சொல்லுங்கள். இதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதுதான் இந்த உத்தியின் பலம். அந்நியரிடம் எதைச் சொல்லக்கூடாது என்று தேறிவிட்ட சமூகமும், நிஜமாகவே யாரையும் வெறுக்காத சமூகமும் அந்த ஆய்வில் ஒரே மதிப்பெண்தான் வாங்கும்.

எண்ணாதீர்கள், அல்லது எண்ணித் தள்ளுங்கள்

பட்டியலில் விழாமல் தப்பிக்க பிரான்ஸ் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. எண்ணினால்தானே கணக்கு வரும்? குடிமக்களின் இனப் பூர்வீகத்தைத் திரட்டுவதை 1978-இன் தனிநபர் தரவுச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஆய்வுக்காகக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று ஒரு முயற்சி நடந்தபோது, 2007-இல் அரசியல் சட்ட மன்றம் அதையும் தள்ளிவிட்டது. 2018 ஜூலையில் நாடாளுமன்றத்தின் கீழவை, அரசியல் சட்டத்திலிருந்து 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட வாக்களித்தது. அந்தத் திருத்தம் கடைசியில் நிறைவேறவில்லை, அது வேறு கதை. பிரெஞ்சு நண்பர் கிடைத்தால் அவரிடம் வாதாடாதீர்கள். 'எங்கள் நாட்டில் கறுப்பர் என்று யாருமில்லை, எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள்தான்' என்பார். பாரிஸ் ரயில் நிலையத்தில் போலீஸ் யாரை நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறது என்பதை அவர் பார்த்திருக்க மாட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். அங்கே மக்கள்தொகைக் கணக்கு தொடங்கிய 1790 முதலே ஏதாவது ஒரு வகையில் நிறம் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணி எண்ணிக் குழம்பியதில் நம்மவர்கள் படாதபாடு பட்டார்கள். 1930, 1940 கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது ஓர் இனம். சீக்கியர், முஸ்லிம் எல்லாரும் அதற்குள் அடக்கம். 1970-இல் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்ந்தார்கள். 1980-இல் தனிக் கட்டம் கிடைத்தது. ஐம்பது வருஷத்தில் தோல் மாறாமல் மூன்று இனம் மாறிய பெருமை வேறு யாருக்கு உண்டு?

இங்கே பகத் சிங் திண்ட் வழக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தில் எடுபடும். பஞ்சாபிலிருந்து போன சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியுரிமை கேட்டார். ஆசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே வழி, 'வெள்ளையர்' என்று நிரூபிப்பது. அவர் வழக்கில் தீர்ப்பு வருவதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான், 1922 நவம்பரில், ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர்' என்று சொல்லியிருந்தது. அப்படியானால் நான் காக்கேசியன், ஆரியன் என்று வந்து நின்றார் திண்ட். நீதிபதிகள் அசரவில்லை. விஞ்ஞானம் சொல்வது இருக்கட்டும், சாதாரண மனிதன் வெள்ளையர் என்று யாரைச் சொல்வானோ அவரே வெள்ளையர் என்று 1923 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார்கள். கதையின் இந்தப் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். திண்ட் தரப்பு வாதத்தின் மறுபாதி வேண்டாம். அவர் உயர்சாதிக்காரர், கல்யாண விஷயத்தில் இந்தியப் பழங்குடிகளை அவர் பார்க்கும் பார்வையும் கறுப்பரை அமெரிக்கர் பார்க்கும் பார்வையும் ஒன்றுதான், ஆகவே அவர் உங்கள் ஆள் என்று வாதாடியிருந்தார்கள். இதைச் சொன்னால் பாயசம் வருவதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

சட்டத்தில் தோலைப் பற்றி மூச்சு விடாதீர்கள்

நாகரிகமான நாடு 'கறுப்பன் வராதே' என்று எழுதாது. மொழி தெரியுமா, டிக்கெட் இருக்கிறதா, அப்பா எங்கே பிறந்தார் என்று விசாரிக்கும். இந்த வித்தைக்கு முன்மாதிரி தென்னாப்பிரிக்காவின் நேட்டால். இந்தியர் வருவதை நிறுத்த 1897-இல் அங்கே ஐரோப்பிய மொழியில் எழுதத் தெரியவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆஸ்திரேலியா 1901-இல் அதை எடுத்துப் பட்டை தீட்டியது. இறங்க வருகிறவருக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல் அளவில் அதிகாரி ஒரு பத்தி வாசிப்பார், கேட்டு எழுதவேண்டும். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு ஜெர்மன், ஜெர்மனும் தெரிந்தால் வேறொன்று.

1934-இல் ப்ராக் நகரத்து எழுத்தாளர் எகோன் கிஷ் வந்து சேர்ந்தார். யூதர், கம்யூனிஸ்ட், ஹிட்லருக்கு எதிராகப் பேச வந்தவர். கப்பலை விட்டு இறங்கக்கூடாது என்றதும் மெல்போர்ன் துறைமேடையில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். தூக்கிக் கப்பலில் போட்டு சிட்னிக்குக் கொண்டுபோனார்கள். மனிதருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதுதான் சிக்கல். யோசித்து, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அவர் தோற்றார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கேலிக், இந்தச் சட்டம் சொல்லும் பொருளில் ஐரோப்பிய மொழியே அல்ல என்று தீர்ப்பு வந்தது. கிஷ் தப்பித்தார். ஆஸ்திரேலியாவில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு வந்ததே கோபம்! அதுவரை எத்தனையோ சீனர்களையும் இந்தியர்களையும் திருப்பி அனுப்பிய தேர்வு அது. அதன்மேல் வராத ரோஷம், தாய்மொழியைத் தொட்டதும் வந்தது. தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது.

கனடாவுக்கு மொழிகூடத் தேவைப்படவில்லை. 1908-இல், சொந்த நாட்டிலிருந்து எங்கும் இடைநில்லாமல் நேரே வரவேண்டும் என்று விதி செய்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி ஒரு பயணம் நடைமுறையில் முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1914-இல் கோமகதா மாரு கப்பல் 376 பேருடன் வான்கூவர் கரையோரம் இரண்டு மாதம் நின்றது. இருபத்துச் சொச்சம் பேர் மட்டும் இறங்கினார்கள், மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதற்காக 2016-இல் கனடா மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்துக் கேட்கப்படும் மன்னிப்பு மிகச் சிக்கனமானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்திலும் தமிழன் என்று ஒரு சொல் இல்லை. தகப்பனாவது, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமாவது இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது, அவ்வளவுதான். தோட்டத்து லயன் அறையில் பிறந்த பிள்ளைக்கு எந்தத் துரை சான்று எழுதி வைத்தார்? தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் விட்டுவிடுங்கள்

அரசாங்கம் நல்ல பெயரோடு இருக்க, முடிவை ஊராரிடம் ஒப்படைப்பது உத்தமம். சுவிட்சர்லாந்தில் லூசர்ன் பக்கத்தில் எம்மென் என்று ஓர் ஊர். குடியுரிமை கேட்டவர்களைப் பற்றி ஒரு கையேடு அச்சடித்து வாக்காளர்களுக்குக் கொடுப்பார்கள். அதில் புகைப்படம், வருமானம், வரி விவரம், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். நம்மூர் கல்யாணத் தரகர் கையில் இருக்கும் ஜாதகக் கட்டு மாதிரி. அதைப் பார்த்து ஊரே வாக்களிக்கும். 2000-இல் அப்படி நடந்த ஒரு வாக்கெடுப்பில் இத்தாலியர்கள் மட்டும் தேறினார்கள், பழைய யூகோஸ்லாவியப் பக்கத்துக் குடும்பங்கள் அத்தனையும் தோற்றன. யாரும் யாரையும் வெறுக்கவில்லை, ரகசிய வாக்கெடுப்புதானே. 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று சொல்லி விளையாட்டைக் கெடுத்துவிட்டது.

வீட்டு வாடகையும் இந்த வகைதான். வீடு தேடிய வெளிநாட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர்போல, வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாக ஜப்பான் நீதித்துறை அமைச்சகத்தின் கணக்கெடுப்பு 2017-இல் சொன்னது. சிங்கப்பூரில் அரசு அடுக்ககங்களில் ஒரே இனத்தவர் மொய்க்காமல் இருக்க 1989 முதல் ஒதுக்கீடு உண்டு. தனியார் வாடகைக்கு விடும்போதோ 'இந்தியர் வேண்டாம், சமையல் வாடை' என்று தரகர் பவ்வியமாகத் தெரிவிப்பார். மாமா ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்திருக்கும்.

வளைகுடா நாடுகளை இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். அங்கே எந்தப் பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு சம்பளம் என்பது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. ஒளிவுமறைவு இல்லாத இடத்தில் நமது திறமைக்கு வேலை இல்லை.

பின்னால் வந்தவரைக் கைகாட்டுங்கள்

நீங்களே குடியேறியவராக இருந்தால் இதுதான் கைகண்ட மருந்து. டொரொண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் ஏதாவது கல்யாண மண்டபத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். 'நாங்கள் வந்த காலம் வேற, தம்பி. பனிக்குள்ள ரெண்டு வேலை செய்து எழும்பினனாங்கள். இப்ப வாறவங்கள் படிக்க எண்டு வந்து வீட்டு வாடகையை ஏத்திப்போட்டாங்கள்' என்று ஒரு ஐயா சொல்லிக்கொண்டிருப்பார். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றார்கள், உண்மையில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறியிருந்தார்கள். அது தெரிந்ததும் நாட்டில் ஒரு கூட்டம் கொதித்தது: பொய் சொல்லி வந்தவர்கள், வரிசையைத் தாண்டி வந்தவர்கள், நம் வரிப்பணம். ஆனாலும் இருக்க விட்டார்கள். ஐயா இன்றைக்குப் பேசும் வசனம் அன்றைக்கு அவரைப் பற்றி எழுதப்பட்டது. 2010-இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோதும் அதே வசனம்தான், ஆட்களை மட்டும் இந்தமுறை தடுப்புக்காவலில் வைத்தார்கள். இதையெல்லாம் ஐயாவிடம் சொல்லிச் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

'தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்தார்களாமே?' 2023 மார்ச்சில் பரவிய அந்த வீடியோக்கள் போலியானவை. இதை உரக்கச் சொல்லுங்கள், உண்மை உங்கள் பக்கம். அடித்தது பொய் என்று ஆனபின், தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுப்பவர்களை மேஸ்திரி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

'இலங்கையிலிருந்து வந்தவர்கள் 1983 முதல் முகாமில்தானே இருக்கிறார்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லையே?' அவை இப்போது அகதி முகாம்கள் அல்ல, 2021 முதல் மறுவாழ்வு முகாம்கள். பழியை தில்லி மேல் போடுங்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை என்பதால் அதுவும் நியாயமாகவே இருக்கும்.

'சரி, உங்கள் மாடி போர்ஷன் காலியாகத்தானே இருக்கிறது? எங்கள் கம்பெனியில் நைஜீரியாக்காரர் ஒருவர் வீடு தேடுகிறார். நல்ல மனிதர், அட்வான்ஸ் எவ்வளவு என்றாலும் தருவார்.' இதற்குத் தயாராக ஒரு பதில் இல்லாமல் விருந்துக்குப் போகாதீர்கள். பெயின்ட் வேலை நடக்கிறது என்று சொல்லலாம். வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் பழசு. டப்ளினில் இருக்கும் மகள் ஊருக்கே வந்துவிடப் போகிறாள், அவளுக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். ஏன் வருகிறாள் என்று கேட்டால், அங்கே பேரைக் கேட்டதுமே வீடு இல்லை என்று சொல்லிவிடுகிறார்களாம் என்று சொல்லலாம்.