பின்பக்கம் பார்த்தவர்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய டொக்யார்ட் வீதியிலும் உட்துறைமுக வீதியிலும் உவர்மலை ஏற்றத்திலும் காணப்படும் முதியோருள், நடை, உடை, ஓய்வூதியம் ஆகிய எதனாலும் பிறரிடமிருந்து வேறுபடாத, ஆயினும் தெருவில் ஒரு வாகனம் வழமைக்கு மாறான உறுமலோடு கடந்தால் தேநீர்க் கோப்பையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் செவியைச் சாய்க்கின்ற ஒரு வகையினர் உளர். வசதி கருதி இவர்களைத் திறந்தகார் அறிஞர் எனலாம். அறிஞர் எந்தக் காலத்திலும் கார் வைத்திருந்தவர் அல்லர். அவருடைய வாகனம் லுமாலா சைக்கிள், முழங்கால் மறுக்கும் நாட்களில் ஓட்டோ. அவருடைய புலமையோ ஐரோப்பிய ரோட்ஸ்டர்களைப் பற்றியது. ரோட்ஸ்டர் என்பது இரண்டே இருக்கைகளும் தாழ்ந்த உடலும் கொண்டு, நிலையான கூரை இல்லாமல், மடித்து ஆசனத்தின் பின்னே செருகக்கூடிய ஒரு துணிக்கூரையை மட்டும் உடையதான விளையாட்டுக் கார். அத்துணிக்கூரையை அறிஞர் ஹூட் என்றே சொல்வார். கூரை என்று சொல்பவரை வீடு கட்டுபவராகக் கருதுவார்.

இத்தகைய புலமை ஏன் இந்த ஊரில் முளைத்தது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்து 1957 ஒக்டோபர் 15 அன்று இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அதுவரை துறைமுகத்தில் கப்பலும், சீனன்குடாவில் விமானமும், இவ்விரண்டுக்கும் இடையிலான வீதியில் மாலை வேளைகளில் எங்கேயோ போக அவசரப்பட்ட இளம் அதிகாரிகளும் இருந்தனர். அறிஞர் அப்போது அரைக்காற்சட்டைச் சிறுவர். இன்று அவருக்கு எழுபத்தெட்டு என்று வைத்துக்கொண்டால், கடற்படை கொடியிறக்கியபோது வயது ஒன்பதோ பத்தோ இருக்கலாம். எனினும் அவருடைய நினைவுகள் இந்தக் கணக்கால் கட்டுப்படுபவை அல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய காலையில் அதிகாரி ஒருவர் எந்தக் காரில் சீனன்குடாவுக்குப் பறந்தார் என்பதைக்கூட, தாம் பிறப்பதற்கு ஆறாண்டுக்கு முந்திய அச்சம்பவத்தில் தமக்குத் தூசு பட்டது போலவே அவர் விவரிப்பார்.

காலக்கணக்கில் அறிஞருக்கு நேரும் இடர்ப்பாடுகளுள் தலையாயது ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற கார். பொனட்டும் முன் மட்காட் இரண்டும் ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும் இந்த ரோட்ஸ்டருக்கு உலகப்போரில் புகழ்பெற்ற போர்விமானத்தின் பெயர் இடப்பட்டது. அதை ஒரு கடற்படை லெப்டினன்ட் 1956 இல் டச்சுக்குடாப் பக்கம் ஓட்டிச் சென்றதை அறிஞர் கண்டிருக்கிறார். கார் வெளிவந்ததோ 1962 இல், அதாவது அந்த லெப்டினன்ட் ஊரைவிட்டுப் போய் ஐந்தாண்டு கழித்து. இதனை எடுத்துக்காட்டினால் அவர் கலங்குவதில்லை. சோதனை ஓட்டத்துக்காக முன்கூட்டியே இரகசியமாக அனுப்பப்பட்டது அது என்றும், இரகசியம் என்பதனால்தான் புத்தகங்களில் இல்லை என்றும் விளக்குவார். ஜப்பானியரைச் சீனன்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்தவற்றுள் முதன்மையானவை ஹரிக்கேன் விமானங்களே என்ற தகவலையும் இதே இடத்தில் அவர் ஒரு கையசைப்பால் ஒதுக்கிவிடுவார்.

ஆயினும் அவருடைய அறிவு போலி என்று முடிவுகட்டுவது அநீதி. எம்.ஜி. என்ற வகையை எடுத்துக்கொண்டால், 1945 முதல் 1949 வரை 10,000 அளவில் செய்யப்பட்ட டி.சி., 1950 இல் வந்த டி.டி., 1953 இல் வந்த டி.எஃப். ஆகிய மூன்றையும் அவர் பிரித்துரைக்கும் முறை ஆய்வாளருக்குரியது. டி.சி.யின் முதுகில் பெற்றோல் தாங்கி ஒரு தகரப்பெட்டி போல நிமிர்ந்து நிற்க, அதன்மேல் மேலதிகச் சில்லு சாய்த்து மாட்டப்பட்டிருக்கும். அச்சில்லு 19 அங்குல விட்டமும் சைக்கிளில் உள்ளது போன்ற கம்பிகளும் உடையது. டி.டி.யின் முதுகிலும் தாங்கியும் சில்லும் உண்டெனினும், சில்லு 15 அங்குலமாகச் சிறுத்து, கம்பிக்குப் பதில் தட்டுத் தகடு பெற்று, கீழே பம்பரும் சேர்ந்துவிடும். ஆகவே இரு அறிஞர்கள் ஒரு பழைய காட்சியைப் பற்றி முரண்பட்டால், வழக்கு "கம்பியா, தட்டா?" என்ற ஒரே வினாவில் வந்து நிற்கும், மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தொடங்கிய இவ்வழக்கு, கடலை வறுப்பவரின் சாட்சியத்தையும் கடந்து, கோட்டைவாசல் மான்கள் படுக்கப்போகும் நேரம்வரை நீள்வதுண்டு.

கூர்ந்து கேட்பவருக்கு இங்கே ஒன்று புலப்படும். அறிஞரின் அடையாளக் குறிப்புகள் யாவும் பின்பக்கத்தவை: தாங்கி, மேலதிகச் சில்லு, பின்விளக்கு, சைலன்சர். எங்கிருந்தோ வந்து மறைந்த காரைத் தெருவோரச் சிறுவன் ஓசை கேட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண்ணில் பட்டது அதன் முதுகு மட்டுமே என்பதால் இது நேர்ந்தது. முன்பக்கப் படம் ஒன்றைக் கைபேசியில் காட்டி வினவினால் அவர் கண்ணாடியைத் துடைப்பார், படம் தெளிவில்லை என்பார், பேச்சைக் கார்புரேற்றருக்குத் திருப்புவார்.

எம்.ஜி. என்ற பெயரே அவருக்குத் தனித் துன்பம். மொரிஸ் கராச் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான அவற்றை எண்கோணச் சின்னத்துக்குள் பொறித்த கம்பனியைப் பற்றி, "எம்.ஜி. இந்த வழியாலதான் போனது" என்று அவர் தொடங்கியதும், கேட்போர் கண்டியில் 1917 இல் பிறந்த எம்.ஜி.ஆரை நினைத்து எழுந்து உட்காருவர். திருத்தியதும் மீண்டும் சரிவர். போதாக்குறைக்கு, அதே சின்னம் இன்று சீனக் கம்பனி ஒன்றின் உடைமையாகி, உயரமான கூரை வைத்த குடும்பக் கார்களின் மூக்கில் ஏறி வருகிறது. சீனன்குடா என்ற ஊர்ப்பெயருக்கு இப்போதுதான் பொருள் விளங்குகிறது என்பது இதுபற்றி அறிஞரின் கசப்பான கருத்து.

இவ்வூரின் தட்பவெப்பத்துக்குத் திறந்த கார் பொருந்துமா என்ற கேள்வியை அவர் முன் எழுப்பலாகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும், மாரியில் வாடையோடு சாய்ந்தடிக்கும் மழையும், ஆண்டு முழுவதும் உப்பும் வந்து சேரும் வாகனம் அது. கம்பிச் சட்டத்தை விரித்து, துணியை இழுத்து, பொத்தான்களைக் கொழுவி, பக்கத் திரைகளைச் செருகி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். மழையின் பங்கு ஆசனத்தில் தேங்கியிருக்கும். ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் என்ற 1958 ஆம் ஆண்டுக் காருக்கு, பொனட்டின்மேல் பிதுங்கிய விளக்குகளால் தவளைக்கண் என்ற பட்டப்பெயர் வந்தது. அதற்கு வெளிக் கைப்பிடியும் கிடையாது, பின்னால் டிக்கி மூடியும் கிடையாது. கதவைத் திறக்கக் கையை உள்ளே விட வேண்டும், பெட்டியை எடுக்க ஆசனத்தின் பின்னே தலைகீழாகப் புக வேண்டும். இக்குறைகளைச் சொன்னால், பை நிறைய மரக்கறி வாங்குபவனுக்காகச் செய்த கார் அல்ல அது என்று அவர் மறுப்பார். கறள் பற்றி மட்டும் மறுப்பதில்லை. கடற்காற்றில் எந்த இரும்பு எத்தனை மாரி தாங்கும் என்பதை அவருடைய சைக்கிளே அவருக்குக் கற்பித்திருக்கிறது.

காலத்தைத் தீர்மானிக்க அவர் கையாளும் இன்னொரு கருவி இலக்கத்தகடு. 1957 க்கு முன் பதிவான கார்கள் சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து பொறுக்கிய இரண்டிரண்டு எழுத்துகளைத் தாங்கின. அதன்பின் சிங்கள ஸ்ரீ வந்தது, அதை எதிர்த்துத் தமிழர் நடத்திய போராட்டத்தில் தார்வாளியும் வந்தது. தகட்டில் தார்க்கறை இருந்ததா என்று விசாரித்தே ஒரு காட்சியின் மாதத்தை நிறுவிவிடக்கூடிய அறிஞர்கள் உளர். கார் வரலாற்றுக்கு அரசியல் செய்த ஒரே உபகாரம் இதுவாகலாம். அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டபின் புதுக் காட்சிகள் அருகின; நினைவுகளோ அருகவில்லை.

இவருக்கு எதிரி இருவகையினர். ஒருவர், நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்து மலைநாட்டுக் கார்களைப் பற்றிப் பேசுபவர். அவரைத் தேயிலைக்காரர் என்ற ஒரு சொல்லால் அறிஞர் முடித்துவிடுவார். மற்றவர் ஆபத்தானவர். அவர் எதற்கும் "அது ஹூட் மடிச்ச மொரிஸ் மைனரா இருக்கும், ஐயா" என்பவர். மொரிஸ் மைனரிலும் துணிக்கூரை வகை உண்டு என்பதும், அது நான்குபேர் குடும்பமாகக் கோயிலுக்குப் போகும் கார் என்பதும் உண்மையாகையால், இந்த வாக்கியம் ஓர் ஆயுளின் நினைவை அரை நிமிடத்தில் அழிக்கவல்லது. அப்போது அறிஞர் தமது இறுதிச் சான்றுக்குப் போவார்: அந்தக் கார் பின்னர் டொக்யார்ட்டுக்குள் நிறுத்தப்பட்டது, இன்றும் உள்ளே கிடக்கலாம். கடற்படை வாயிலைத் தாண்ட எவருக்கும் எளிதில் அனுமதி கிடையாதாகையால், இச்சான்றை இதுவரை எவரும் மறுத்ததில்லை.

கொழும்பிலிருந்து நிலாவெளிக்குப் போகும் யாரோ ஒரு செல்வர், பழுதுபார்த்துப் பளபளக்கச் செய்த திறந்த எம்.ஜி. ஒன்றைத் தேநீர்க் கடை முன் நிறுத்திவிடும் அபூர்வ நாளில் அறிஞரின் இயல்பு முழுமையாக வெளிப்படும். அவர் எழுந்து செல்வார், நேரே காரின் முதுகுக்குப் போவார், தாங்கியின் சரிவை உள்ளங்கையால் தொடாமல் அளப்பார். உடைமையாளர் மனமிளகி, ஏறி உட்காரும்படி இடதுபக்கக் கதவைத் திறந்து வைத்தால், வேண்டாம் என்று தலையசைத்து, ஒரே ஓர் உதவி கேட்பார்: காரைக் கொஞ்சம் மெதுவாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். கார் வளைவில் மறையும்வரை வீதி நடுவே நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "டி.டி. தான்" என்று தீர்ப்புச் சொல்வார். விளக்கு மட்காட்டிலிருந்து விலகித் தனித்து நிற்பது டி.டி., மட்காட்டுக்குள்ளேயே புதைந்திருப்பது டி.எஃப். என்பதை அவரிடமே கற்ற கடைப் பையன், "லைட் ரெண்டும் மட்காட்டுக்குள்ள கிடந்ததே, ஐயா" என்பான்.

"முன்னுக்கு நிண்டு காரைப் பாக்கிறவனுக்கு என்ன தெரியும், தம்பி" என்பார் அறிஞர், ஆறிப்போன தேநீரைக் கையிலெடுத்தபடி.